மீட்பு இல்லத்திலிருந்து வரும் பியர்டட் டிராகன்: முதல் வாரங்களுக்கான வழிகாட்டி

பிரிட்டனில் ஊர்வனவற்றை ஏற்றுக்கொள்ளும் மீட்பு இல்லங்களுக்கு அடிக்கடி வந்து சேரும் உயிரினங்களுள் ஒன்று பியர்டட் டிராகன் என்னும் ஓணான் வகை. பிள்ளைகளின் ஆசைக்காக உள்ளங்கையில் அடங்கும் குஞ்சாக வாங்கப்பட்டு, ஓராண்டுக்குள் அரை மீட்டர் நீளத்துக்கு வளர்ந்து, பெரிய பெட்டியும் விலைகூடிய விளக்குகளும் உயிருள்ள பூச்சிகளும் தேவைப்படும் நிலை வந்ததும் கைவிடப்பட்டவை இவற்றுள் பல. நன்றாகப் பேணினால் 10 ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடிய இந்த உயிரினத்தை வளர்ந்த பிறகு தத்தெடுப்பதை நான் மனமார ஆதரிக்கிறேன். கடையில் குஞ்சு வாங்குவதைவிட அது பல வகையில் நல்லது. ஆனால் மீட்கப்பட்ட விலங்கு பெரும்பாலும் ஏதேனும் ஒரு குறையுடன்தான் வரும். அந்தக் குறையை எந்த வரிசையில் சரிசெய்கிறோம் என்பதைப் பொறுத்தே அது தேறுவதும் தேறாததும் அமைகிறது.

புதியவர்கள் பெரும்பாலும் உணவிலிருந்து தொடங்குகிறார்கள். மெலிந்து கிடக்கும் ஓர் உயிரைக் கண்டதும் எதையாவது ஊட்டத் துடிப்பது இயல்புதான். இருந்தாலும் ஊர்வனவற்றின் உடல் தனக்கு வேண்டிய வெப்பத்தைத் தானே உண்டாக்கிக்கொள்வதில்லை; வெளியிலிருந்து போதிய வெப்பம் கிடைக்காத வரை குடல் செரிக்காது, நோயை எதிர்க்கும் ஆற்றலும் சரிவர இயங்காது, வயிற்றுக்குள் போன பூச்சி அங்கேயே தங்கித் தீங்கு செய்யும். ஆகவே முதலில் வெப்பமும் ஒளியும், அடுத்து நீர், அதன் பிறகு உணவு, எல்லாவற்றுக்கும் கடைசியில் கையில் எடுத்துக் கொஞ்சுவது என்ற வரிசையை வீட்டில் உள்ள அனைவரும் ஏற்றுக்கொண்ட பிறகே அதை அழைத்து வாருங்கள்.

இதன் இயற்கை வாழிடத்தைத் தெரிந்துகொண்டால் பின்வரும் அளவுகள் ஏன் அப்படி அமைந்தன என்பது விளங்கும். வீடுகளில் வளர்க்கப்படுவது பெரும்பாலும் போகோனா விட்டிசெப்ஸ் என்னும் இனம். கிழக்கு, மத்திய ஆஸ்திரேலியாவின் உட்புற வறண்ட நிலங்களும் புதர்க்காடுகளும் இதன் தாயகம். காலையில் கட்டையிலோ வேலிக் கம்பத்திலோ ஏறி வெயில் காய்ந்து, உடல் சூடேறியதும் இரை தேடி, உச்சி வெயிலில் நிழலுக்கு ஒதுங்குவது இதன் அன்றாடம். நம் ஊர் வேலி ஓணானும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். தலையை மேலும் கீழும் ஆட்டுவதும் இரண்டுக்கும் பொதுவான வழக்கம். அந்தத் தலையாட்டலைக் கேலி என்று எண்ணி ஓணானைக் கல்லால் அடிக்கும் கொடிய விளையாட்டைச் சிறுவயதில் கண்டவர்கள் நம்மில் பலர் இருக்கிறோம். தலையாட்டுவது தன் இடத்தைக் காக்கும் ஆண் விலங்கின் மொழி என்பதைப் பிள்ளைகளுக்கு முதல் நாளிலேயே சொல்லிக்கொடுங்கள்.

அழைத்து வருவதற்கு முன்பு

விலங்கு வருவதற்குக் குறைந்தது இரண்டு நாட்களுக்கு முன்பே பெட்டி முழுமையாக இயங்கிக்கொண்டிருக்க வேண்டும். வளர்ந்த ஒன்றுக்கு 120 செ.மீ. நீளம், 60 செ.மீ. அகலம், 60 செ.மீ. உயரம் என்பது குறைந்தபட்ச அளவு. இதைவிடப் பெரியது கிடைத்தால் இன்னும் நல்லது. நீளம் வேண்டும் என்று வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. ஒரு முனை சூடாகவும் மறுமுனை குளிர்ச்சியாகவும் இருந்தால்தான் விலங்கு இடம் மாறித் தன் உடல் வெப்பத்தைச் சீராக வைத்துக்கொள்ள முடியும்; சிறிய தொட்டியில் விளக்கைப் போட்டால் தொட்டி முழுவதும் ஒரே சூடாகி ஒதுங்க இடமில்லாமல் போய்விடும். விளக்கின் கீழ் விலங்கு வெயில் காயும் இடத்தின் மேற்பரப்பு 38 முதல் 42 டிகிரி செல்சியஸ் வரையிலும், குளிர்ந்த முனை 22 முதல் 26 டிகிரி வரையிலும் இருக்கட்டும். இரவில் எல்லா விளக்குகளும் அணைய வேண்டும். அப்போது வெப்பம் 20 டிகிரிக்குக் கீழே இறங்குகிற வீடாக இருந்தால், ஒளி தராத செராமிக் ஹீட்டர் ஒன்றை, வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டுடன் இணைத்துப் பொருத்துங்கள். சிவப்பு, நீல நிற இரவு விளக்குகள் தூக்கத்தைக் கெடுக்கும். மின்சாரத்தால் சூடாகும் கற்கள் வயிற்றுத் தோலைச் சுட்டுப் புண்ணாக்கும். பழைய உரிமையாளர் தந்த பொருட்களில் அப்படி ஒரு கல் இருந்தால் அதை ஒதுக்கிவிடுங்கள்.

பெட்டியின் சுவரில் ஒட்டும் முள்வைத்த வெப்பமானிகளை நம்ப வேண்டாம். அவை காற்றின் வெப்பத்தையும் சரியாகக் காட்டுவதில்லை. விலங்கு படுக்கும் கல்லின் சூட்டைக் காட்டவே முடியாது. கையில் பிடித்து அளக்கும் அகச்சிவப்பு வெப்பமானி ஒன்றும், நுனியில் உணரி உள்ள டிஜிட்டல் வெப்பமானிகள் இரண்டும் வாங்குங்கள். வெயில் காயும் விளக்கை டிம்மிங் வகைத் தெர்மோஸ்டாட்டுடன் இணைத்தால், கோடையில் அறை சூடேறும்போது அது தானாகவே ஒளியைக் குறைத்துக்கொள்ளும்.

வெப்பத்துக்கு இணையானது யு.வி.பி. எனப்படும் புற ஊதா ஒளி. இதில் மட்டும் செலவைக் குறைக்காதீர்கள் என்று மன்றாடியே கேட்டுக்கொள்கிறேன். தோலில் யு.வி.பி. கதிர் பட்டால்தான் வைட்டமின் டி3 உருவாகும். டி3 இருந்தால்தான் உணவில் உள்ள கால்சியத்தைக் குடல் உறிஞ்சும். அது கிடைக்காதபோது இரத்தத்தின் தேவைக்காக உடல் தன் எலும்பிலிருந்தே கால்சியத்தை எடுக்கத் தொடங்குகிறது. வளர்சிதை எலும்பு நோய் எனப்படும் இந்த நிலையில் தாடை ரப்பர் போல நெகிழும், கால்கள் வீங்கி வளையும், விரல்கள் நடுங்கும், முதுகெலும்பு கோணும். கோணிய எலும்பு பெரும்பாலும் பழைய வடிவத்துக்குத் திரும்புவதில்லை. மேலும் கெடாமல் தடுக்கலாம், அவ்வளவுதான்.

சுருள் வடிவச் சிறு யு.வி. பல்புகள் இந்த விலங்குக்குப் போதாது. பெட்டி நீளத்தில் பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கு வரை நீளும் டி5 என்னும் மெல்லிய குழாய் விளக்கை, 12 அல்லது 14 சதவீத யு.வி.பி. வகையாகப் பார்த்து, வெயில் காயும் முனையிலேயே மேலிருந்து ஒளி விழும்படி பொருத்துங்கள். குழாய்க்கும் விலங்கின் முதுகுக்கும் இடையே எவ்வளவு தூரம் வேண்டும் என்பது தயாரிப்பாளரின் அட்டவணையில் இருக்கும். வலை குறுக்கே இல்லாத பெட்டிகளில் அது ஏறத்தாழ 30 முதல் 40 செ.மீ. வரை அமையும். கம்பி வலை இடையில் இருந்தால் கதிரின் கணிசமான பங்கு தடுக்கப்படும். கண்ணாடியும் பிளாஸ்டிக்கும் ஏறக்குறைய முழுவதையும் தடுத்துவிடும் என்பதால், சன்னலோரம் வைத்துவிட்டு வெயில் படுகிறது என்று நிம்மதி கொள்ள இடமில்லை. குழாய் எரிந்துகொண்டே இருந்தாலும் அதிலிருந்து வரும் யு.வி.பி. காலப்போக்கில் குறையும், டி5 குழாய்களைப் பொதுவாக ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். முன்பு இருந்த வீட்டிலிருந்து விளக்கும் சேர்ந்து வந்தால், அதன் வயது தெரியாதபோது புதிதாகவே வாங்குங்கள்.

தரைக்கு முதல் மாதங்களில் சமையலறைக் காகிதத் துண்டோ அச்சிடாத வெற்றுக் காகிதமோ போதும். எச்சத்தைத் தெளிவாகப் பார்க்கவும், ஒட்டுண்ணி இருந்தால் அன்றன்றே அப்புறப்படுத்தவும் அதுவே வசதி. வெயில் காய உறுதியான கல்லோ கட்டையோ ஒன்றும், ஒளிந்துகொள்ளக் குளிர்ந்த முனையில் ஒரு மறைவிடமும், ஏறுவதற்கு ஒரு கிளையும் வையுங்கள். சாம்பிராணி, ஊதுபத்திப் புகையோ தாளிப்பின் நெடியோ படும் அறையில் பெட்டி இருக்க வேண்டாம்.

வந்த நாளும் முதல் வாரமும்

காற்றுத் துளைகள் உள்ள, உள்ளே துண்டு விரித்த ஒரு பெட்டியில் வைத்து, சூடாக்கப்பட்ட வாகனத்தில் அழைத்து வாருங்கள். மீட்பு இல்லத்தில் அதன் எடை, கடைசியாக உண்ட நாள், கடைசியாக எச்சம் கழித்த நாள், இதுவரை கொடுத்த மருந்துகள் ஆகியவற்றை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வீட்டுக்கு வந்ததும் அதை வெயில் காயும் இடத்துக்கு அருகில் விட்டுவிட்டு விலகி நில்லுங்கள். இரண்டு மூன்று நாட்கள், சில சமயம் ஒரு வாரம் வரையும் அது உண்ணாமல் இருக்கலாம், தாடி எனப்படும் தொண்டைத் தோல் கறுத்துப்போகலாம், வயிற்றில் கரும்புள்ளிக் கோடுகள் தோன்றலாம், கண்ணாடியை நகத்தால் சுரண்டியபடி மேலும் கீழும் ஓடலாம். இவை இடமாற்றத்தின் அச்சத்தைக் காட்டும் குறிகள். பெட்டியின் மூன்று பக்கங்களைத் துணியாலோ அட்டையாலோ மறைத்தால் அச்சம் விரைவில் தணியும். ஏற்கெனவே எலும்பும் தோலுமாக வந்த விலங்குக்கு இந்தப் பொறுமை பொருந்தாது. அதை முதல் நாளிலேயே மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும்.

நீரைப் பொறுத்தவரை, அசையாமல் நிற்கும் கிண்ணத்து நீரைப் பல பியர்டட் டிராகன்கள் கவனிப்பதே இல்லை. மேல் உதட்டின் நுனியில் சொட்டு சொட்டாக வெதுவெதுப்பான நீரை விட்டால் நாக்கை நீட்டி நக்கிக் குடிக்கும். மூக்குத் துளைக்குள் நீர் போகாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். வாயைத் திறந்து ஊற்றுவது கூடாது, நுரையீரலுக்குள் போய்விடும். உடலில் நீர் எவ்வளவு இருக்கிறது என்பதை எச்சமே சொல்லும்: பழுப்பு நிறக் கழிவுடன் வரும் வெள்ளைப் பகுதி மென்மையாக இருந்தால் நலம், அது மஞ்சளாகவோ ஆரஞ்சாகவோ மாறி மணல் போல் உதிர்ந்தால் நீர்ச்சத்து குறைந்திருக்கிறது. கண்கள் உள்வாங்கியிருப்பதும், கிள்ளி விட்ட தோல் மடிப்பு உடனே தணியாமல் நிற்பதும் அதே எச்சரிக்கைதான்.

உணவில் அவசரம் வேண்டாம் என்பதை மீண்டும் வலியுறுத்தக் காரணம் இருக்கிறது. நெடுங்காலம் பட்டினி கிடந்த உடலுக்குத் திடீரென்று பெரிய அளவில் உணவு போனால், இரத்தத்தில் உள்ள பாஸ்பரஸ், பொட்டாசியம் முதலிய உப்புகள் சடுதியில் சரிந்து உயிருக்கே ஆபத்தாகும். மிகவும் மெலிந்த விலங்குக்கு எவ்வளவு, எத்தனை நாட்களுக்கு ஒருமுறை, எந்த வகை மீட்பு உணவு என்பதை ஊர்வன மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். சுமாரான உடல்நிலையில் உள்ளதற்கு, விளக்குகள் எரியத் தொடங்கி ஓரிரு மணி நேரம் வெயில் காய்ந்த பிறகு, சில சிறு பூச்சிகளும் நறுக்கிய கீரையும் வைத்துப் பாருங்கள். விளக்கு அணைவதற்கு முந்தைய இரண்டு மணி நேரத்தில் எதுவும் ஊட்டாதீர்கள்.

மருத்துவரிடம்

முதல் வாரத்துக்குள் ஊர்வனவற்றில் பயிற்சி பெற்ற மருத்துவரைப் பார்ப்பது கட்டாயம். நாய், பூனை பார்க்கும் எல்லா மருத்துவமனைகளிலும் அந்தப் பயிற்சி இருப்பதில்லை என்பதால் முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். அன்று காலையில் கிடைத்த எச்சத்தைச் சிறு டப்பாவில் எடுத்துச் செல்லுங்கள். ஊசிப்புழு, காக்சிடியா ஆகிய ஒட்டுண்ணிகள் இவற்றிடம் மிகப் பரவலாகக் காணப்படுகின்றன; ஊசிப்புழு சிறிதளவு இருந்து விலங்கும் நன்றாக இருந்தால் மருத்துவர் மருந்தே தராமல் கவனித்துவரச் சொல்லலாம். எண்ணிக்கை, உடல் எடை, நீர்ச்சத்து எல்லாவற்றையும் பார்த்து எடுக்க வேண்டிய முடிவு அது. பூச்சி மருந்தைத் தாமாக வாங்கிக் கொடுப்பது விபரீதத்தில் முடியும். எலும்பு நோய் ஐயம் இருந்தால் எக்ஸ்ரே எடுப்பார்கள். தோலில் மஞ்சளும் பழுப்புமாகப் பொருக்கு படர்ந்து வந்தால் உடனே காட்டுங்கள். நானிசியாப்சிஸ் என்னும் பூஞ்சையால் வரும் நோய் அப்படித்தான் தொடங்கும். அது மற்ற ஊர்வனவற்றுக்கும் தொற்றும், பெரும்பாலும் உயிரையும் பறிக்கும்.

வீட்டில் ஏற்கெனவே வேறு ஊர்வன இருந்தால் புதியதைக் குறைந்தது மூன்று மாதங்கள் தனி அறையில், தனிக் கருவிகளுடன் வைத்திருங்கள். பழையதைக் கவனித்து முடித்த பிறகே புதியதிடம் செல்லுங்கள். தனிமைக் காலம் முடிந்த பின்னும் இரண்டு பியர்டட் டிராகன்களை ஒரே பெட்டியில் விடக் கூடாது. இவை தனித்து வாழும் இனம். ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் படுத்திருப்பதை நாம் நட்பு என்று எண்ணுவோம், ஆனால் மேலே இருப்பது கீழே இருப்பதன் ஒளியையும் வெப்பத்தையும் பறித்துக்கொண்டிருக்கும்.

சால்மொனெல்லா பற்றி ஒளிவுமறைவின்றிச் சொல்ல வேண்டும். நலமாகத் தோன்றும் ஊர்வனவற்றின் குடலிலும் அந்தக் கிருமி இருக்கலாம். தொட்ட ஒவ்வொரு முறையும் சோப்பால் கை கழுவுங்கள். பெட்டிப் பொருட்களைச் சமையலறைத் தொட்டியில் கழுவாதீர்கள். முத்தமிடுவதை முற்றாகத் தவிருங்கள். 5 வயதுக்குட்பட்ட குழந்தைகள், கருவுற்ற பெண்கள், முதியவர்கள், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள் ஆகியோருக்கு இந்தத் தொற்று கடுமையாகும். பாட்டி தாத்தாவும் கைக்குழந்தையும் ஒன்றாக வாழும் நம் வீடுகளில், பெட்டியை எந்த அறையில் வைப்பது என்பதை இதை மனத்தில் கொண்டே தீர்மானிக்க வேண்டும்.

தேறிய பின் உணவு

குஞ்சுகளுக்குப் பூச்சியே முதன்மை உணவு. வளர்ந்தவற்றுக்கு அது தலைகீழாகி, ஏறத்தாழ முக்கால் பங்கு இலையும் காயும், கால் பங்கு பூச்சியும் என்றாகிறது. மீட்கப்பட்டவற்றுள் பல கீரையைக் கண்டறியாதவை. ஆண்டுக்கணக்கில் புழுக்களை மட்டுமே தின்று கல்லீரலில் கொழுப்பு ஏறியவையும் உண்டு. காலையில் கீரையை வைத்து, பசி கூடிய பிறகு நண்பகலில் பூச்சி கொடுத்தால் மெல்ல மெல்லப் பழகும். சில மாதங்கள் ஆனாலும் விட்டுவிடாதீர்கள்.

கடுகுக்கீரை, ஸ்பிரிங் கிரீன்ஸ், டேன்டேலியன் இலை, ராக்கெட் இலை, பட்டர்நட் பூசணித் துருவல் ஆகியவற்றை மாற்றி மாற்றிக் கொடுங்கள். மல்லித்தழை இடையிடையே சேரலாம். பசலையும் முளைக்கீரையும் நம் சமையலில் நாள்தோறும் இடம்பெற்றாலும், அவற்றிலுள்ள ஆக்சலேட் கால்சியத்தைப் பிணைத்துக்கொள்வதால் இந்த விலங்குக்கு வழக்கமான உணவாகக் கூடாது. வெண்ணெய்ப்பழம், ருபார்ப், வெங்காயம், பூண்டு ஆகியவற்றை அறவே தவிருங்கள். உப்போ எண்ணெயோ சேர்ந்த எதையும் தட்டிலிருந்து எடுத்துக் கொடுக்காதீர்கள்.

பூச்சிகளில் கிரிக்கெட், வெட்டுக்கிளி, டூபியா கரப்பான், கறுப்பு சிப்பாய் ஈயின் புழு ஆகியவை நல்லவை. மெழுகுப்புழுவில் கொழுப்பு மிகுதி. எடை கூட்டுவதற்காக அதையே ஊட்டினால் பிறகு வேறெதையும் தொடாது. பூச்சியின் நீளம் விலங்கின் இரு கண்களுக்கு இடையே உள்ள தூரத்தைத் தாண்டக் கூடாது. கொடுப்பதற்கு முதல் நாளே பூச்சிகளுக்குக் கீரையும் காயும் தின்னக் கொடுத்து, கொடுக்கும்போது கால்சியத் தூளில் புரட்டுங்கள். வாரம் ஒருமுறை மல்டிவைட்டமின் தூள் போதும். தோட்டத்தில் பிடித்த பூச்சிகளில் பூச்சிக்கொல்லியும் ஒட்டுண்ணியும் இருக்கக்கூடும். கனடாவிலோ அமெரிக்காவிலோ வாழ்பவர்கள் மின்மினிப் பூச்சி பெட்டிக்குள் நுழையாமல் குறிப்பாகக் காக்க வேண்டும். ஒரே ஒரு மின்மினி வளர்ந்த பியர்டட் டிராகனைக் கொல்லும் நஞ்சு கொண்டது.

வாரம் ஒருமுறை, ஒரே கிழமையில், உணவுக்கு முன் எடை பாருங்கள். கிராம் கணக்கில் காட்டும் தராசு ஒன்றை இதற்கென்றே தனியாக ஒதுக்கிக்கொள்ளுங்கள். தொடர்ந்து எடை குறைவது கண்ணுக்குத் தெரியும் முன்பே குறிப்பேட்டில் தெரிந்துவிடும்.

தொடுவதும் பழகுவதும்

வெப்பத்தில் அமைதியாகப் படுத்து, ஒழுங்காக உண்டு, எச்சமும் கழிக்கத் தொடங்கிய பிறகு கையில் எடுக்கலாம்; பொதுவாக இதற்கு ஒன்றிரண்டு வாரங்கள் பிடிக்கும். இதன் உச்சந்தலையில் ஒளியையும் நிழலையும் உணரும் மூன்றாம் கண் ஒன்று உண்டு. மேலிருந்து கை இறங்கினால் பருந்து பாய்வதாகவே அது உணரும். ஆகவே பக்கவாட்டில், கண்ணில் படும்படி கையைக் கொண்டுபோய், மார்புக்கு அடியில் உள்ளங்கையைச் செலுத்தி, நான்கு கால்களும் வாலின் அடியும் தாங்கப்படுமாறு தூக்குங்கள். எலும்பு நோய் உள்ளதை மிக அரிதாகவே எடுக்க வேண்டும். கடுமையாகப் பிடித்தால் எலும்பு முறியக்கூடும். முன்னங்காலை மெல்லச் சுழற்றிக் கையசைத்தால் அது பணிவைக் காட்டுகிறது, விளையாட அழைப்பதாகக் கொள்ளாதீர்கள். வெயில் காயும்போது வாயைத் திறந்து வைத்திருப்பது வெப்பத்தை வெளியேற்றும் இயல்பான செயல்; குளிர்ந்த முனையிலும் வாய் திறந்தபடி, மூச்சில் ஓசையும் சளியும் சேர்ந்தால் அது நுரையீரல் நோயாக இருக்கலாம்.

இலையுதிர்காலத்தில் சில வளர்ந்தவை உண்பதைக் குறைத்துக்கொண்டு நாள் முழுவதும் உறங்கத் தொடங்கும். குளிர்கால உறக்கமான இது நலமான விலங்குக்கு இயல்பானதே. ஆனால் புதிதாக வந்த, மெலிந்த அல்லது ஒட்டுண்ணி உள்ள விலங்குக்கு அந்த முதல் குளிர்காலத்தில் உறக்கம் ஆபத்து. நோயும் இதே தோற்றத்தில்தான் வரும். பகல் ஒளியை 12 முதல் 14 மணி நேரம் வரை குறைக்காமல் வைத்து, உறக்கம் தொடர்ந்தால் மருத்துவரைப் பாருங்கள். பெண்ணாக இருந்தால் ஆண் இல்லாமலேயே முட்டையிடலாம் என்பதையும் அறிந்திருங்கள். உணவை மறுத்து, வயிறு பெருத்து, ஓயாமல் தரையைத் தோண்டினால், ஈரமான மண்ணும் மணலும் கலந்து 20 செ.மீ.க்கு மேல் ஆழமாக நிரப்பிய பெட்டி ஒன்றைக் கொடுங்கள். ஓரிரு நாட்களில் இடாமல் சோர்ந்து கிடந்தால் காத்திருக்கக் கூடாது.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பியர்டட் டிராகன் வளர்க்க உரிமம் தேவையில்லை; ஆனால் 2006ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டம் நாய்க்கும் பூனைக்கும் போலவே இதற்கும் பொருந்துவதால், உரிய வெப்பமும் ஒளியும் உணவும் சிகிச்சையும் தருவது உரிமையாளரின் சட்டப் பொறுப்பாகும். ஆஸ்திரேலியாவில் பல மாநிலங்களில் உரிமம் வேண்டும். வேறு நாடுகளில் வாழ்பவர்கள் தத்தெடுப்புக்கு முன்பே உள்ளூர் விதிகளைக் கேட்டறியுங்கள்.

மருத்துவர் எச்சப் பரிசோதனையை மீண்டும் செய்து ஒட்டுண்ணி கட்டுக்குள் இருப்பதாகச் சொன்ன பிறகு, காகிதத்தை அகற்றி மண்ணும் மணலும் கலந்த தரைக்கு மாறலாம். கடைகளில் விற்கும் கால்சிய மணலை மட்டும் வாங்க வேண்டாம், விழுங்கினால் குடலில் கட்டியாக அடைத்துக்கொள்ளும். பெட்டியைக் கழுவ ஊர்வனவற்றுக்கு உகந்த கிருமிநாசினியையே பயன்படுத்துங்கள். பினைல் வகைகள் இவற்றுக்கு நஞ்சு. ஊருக்குப் போவதாக இருந்தால், பார்த்துக்கொள்ள வருபவர் ஒரு நாளாவது உங்களுடன் இருந்து விளக்கு நேரம், உணவு அளவு, எடை பார்க்கும் முறை ஆகியவற்றைக் கற்றுக்கொள்ளட்டும். மருத்துவரின் தொலைபேசி எண்ணையும் யு.வி. குழாய் மாற்றிய தேதியையும் பெட்டியின் பக்கவாட்டில் எழுதி ஒட்டி வையுங்கள்.